நிகழ்ச்சி முடிஞ்சதும் பேர் ஓடுமே... அதை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?

வேடந்தாங்கலில் தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்காது. ஏரிக்குப் பறவைகள் வரத் தொடங்கும் நேரம் என்பதால் ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு முதல்நாள் இது செய்தியாக வரும், நீங்களும் படித்து ஒரு ஹார்ட்டின் போட்டுவிட்டு நகர்ந்திருப்பீர்கள். ஆனால், வெடி இல்லாத தீபாவளியில் அந்த ஊர் வீடுகளுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று யாரும் எழுதுவதில்லை. நான் சொல்கிறேன், டி.வி சத்தம். காலையில் பட்டிமன்றம், அப்புறம் நட்சத்திரப் பேட்டி, மதியம் புதுப்படம், சாயங்காலம் ஆட்டம் பாட்டம் காமெடி எல்லாம் கலந்த சிறப்பு நிகழ்ச்சி.

போன தீபாவளிக்கு நான் அங்கேதான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அன்றைய சாயங்கால நிகழ்ச்சி எங்கள் வீட்டுக்கு ரொம்பவே சிறப்பு நிகழ்ச்சி. காரணம், அதை இயக்கியது என் அண்ணன், பெரியம்மாவின் மகன். எட்டு வருஷம் உதவி இயக்குநராக இருந்து, முதல்முறையாக 'இயக்கம்' என்று பெயர் வரப்போகிறது. பெரியம்மா பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டுச் சித்தி என்று எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். அதிரசத் தட்டு ஒரு சுற்று போய் வந்தது. இரண்டரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டி.வி-க்குப் பக்கத்தில் போனார். சரியாக அந்த நேரம் பார்த்து திரை சுருங்கி இடது மூலைக்குப் போனது. மீதி இடத்தில் அடுத்து வரும் படத்தின் விளம்பரம். மூலையில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ எழுத்துகள் விறுவிறுவென்று மேலே போயின. அவ்வளவுதான்.

"எங்கடி அவன் பேரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, "நான் பார்த்தேன்க்கா, வந்துச்சு" என்று பொய் சொன்னார். பெரியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏம்மா, நீ பத்திரிகைல இருக்கியே, சினிமா டைரக்டருக்கெல்லாம் அவார்டு குடுக்குறாங்க. இந்த மாதிரி டி.வி-ல பண்றவங்களுக்குக் கெடையாதா?"

இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறது. அதன் கதையை அன்று ராத்திரி பெரியம்மாவுக்குச் சொன்னேன், இப்போது உங்களுக்கும்.

சினிமாவுக்கு ஆஸ்கர் மாதிரி டி.வி-க்கு எம்மி. 1949 ஜனவரி 25-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் முதல் விழா நடந்தபோது அந்த நகரத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் விருது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. நாடகம், நகைச்சுவைத் தொடர்களுக்கு மட்டுமல்லாமல் பாட்டு, நடனம், பேச்சு எல்லாம் கலந்த 'வெரைட்டி' நிகழ்ச்சிகளை இயக்குகிறவர்களுக்கும் தனியாக ஒரு விருது வந்தது. அந்தப் பிரிவின் பெயரை எத்தனை முறை மாற்றினார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். இப்போதைய பெயர் 'வெரைட்டி ஸ்பெஷல்' இயக்கத்துக்கான விருது. நம் பாஷையில், தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி இயக்குநர் விருது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பகாலத்தில் இந்த விருதை வாங்கியவர்களில் ஒருவர் பட் யார்க்கின். 1958 அக்டோபரில் ஃப்ரெட் அஸ்டைர் என்ற நடனக் கலைஞரை வைத்து ஒரு மணி நேர நேரலை நிகழ்ச்சி செய்தார். கலர் வீடியோ டேப்பில் பதிவான மிகப் பழைய நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. அடுத்த வருஷம் அந்த ஒரே நிகழ்ச்சிக்கு 9 எம்மி. அதன் பிறகு டுவைட் ஹெமியன் என்று ஒருவர் வந்தார். ஃப்ராங்க் சினாட்ரா, பார்பரா ஸ்ட்ரைசாண்ட் போன்ற பெரிய பாடகர்களின் சிறப்பு நிகழ்ச்சிகளை எடுத்தவர். மொத்தம் 18 எம்மி வாங்கியிருக்கிறார். பதினெட்டு! அந்தப் பாடகர்களை உலகத்துக்கே தெரியும், ஹெமியனைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே இதற்காகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

"மேடையில ஆடுறவங்க ஆடுறாங்க, பாடுறவங்க பாடுறாங்க. இதுல டைரக்டர் என்னத்த பண்றாரு?" இது பெரியம்மாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கும் அண்ணன் சொல்லித்தான் புரிந்தது.

மேடைக்குப் பின்னால் எங்கோ நிற்கும் ஓபி வேனுக்குள் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். ஒவ்வொன்றும் ஒரு கேமரா பார்க்கும் காட்சி. காதில் ஹெட்செட்டோடு இயக்குநர் உட்கார்ந்திருப்பார். "டூ ரெடி... டூ. ஃபோர், அப்படியே நில்லு. ஜிம்மி, மேலேயிருந்து இறங்கி வா... ஜிம்மி." அவர் நம்பரைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் பட்டனைத் தட்டுவார். இது நேரலை என்றால் அந்தத் தட்டலில் வருவதுதான் உலகம் பார்ப்பது. திருப்பி எடுக்க முடியாது. பதிவு செய்யும் நிகழ்ச்சி என்றால் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்து கொள்ளலாம். ஆனாலும், எந்த கேமராவும் எடுக்காத ஒன்றை எந்த எடிட்டராலும் கொண்டுவர முடியாது.

"காமெடியன் ஜோக் சொல்லி முடிக்கிறதுக்கு அரை செகண்ட் முன்னாடி ஆடியன்ஸ்ல யார் சிரிக்கப் போறாங்கன்னு தெரியணும்" என்பார் அண்ணன். அதெப்படித் தெரியும் என்று கேட்டால், "ரிகர்சல்லயே பார்த்து வெச்சுக்கணும்" என்பார். எந்தப் பாட்டில் எந்த வரிக்கு எந்த கேமரா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். அந்த நோட்டைப் பார்த்தால் கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கும்.

ஓர் உதாரணம். 1983-ல் 'மோட்டவுன் 25' என்ற சிறப்பு நிகழ்ச்சியில்தான் மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக டி.வி-யில் 'மூன்வாக்' செய்தார். இயக்கியவர் டான் மிஷர். பின்னால் வழுக்கிப் போகும் அந்த ஓரிரு நொடிகளில், 'முகத்துக்கு க்ளோசப் போ' என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கால் தெரிந்திருக்காது. 40 வருஷமாக நம்மூர் ஸ்கூல் ஆண்டுவிழா வரைக்கும் பையன்கள் அதை ஆடிக்கொண்டிருக்க மாட்டார்கள். இதே மிஷர்தான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அடுத்த வருஷம் எம்மி வாங்கினார். நடுங்கும் கையோடு முகமது அலி ஜோதி ஏற்றினாரே, அந்த விழா.

ஒலிம்பிக் என்றதும் முக்கியமான விஷயம் ஒன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா நினைவிருக்கிறதா? ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் முரசு தட்டிய விழா. மைதானத்தில் அதை உருவாக்கியவர் சீன சினிமா இயக்குநர் ஜாங் யிமூ. ஆனால், இயக்கத்துக்கான எம்மி போனது பக்கி கன்ட்ஸ் என்பவருக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த விழாவைக் காட்டியவர் அவர். அடுத்த வருஷம் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கும் அவரே வாங்கினார். மேடையை அமைத்தவர் ஒருவர், அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு வேலை என்று ஒப்புக்கொண்ட விருது இது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

இப்போது நம்ம மாமல்லபுரத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கடற்கரைக் கோயில் முன்னால் உட்கார்ந்து கலாக்ஷேத்ரா கலைஞர்களின் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். நாடே நேரலையில் பார்த்தது. விளக்கொளியில் அந்தக் கோயில் ஜொலித்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆனால், அந்த இருட்டில் கேமராக்களை நகர்த்திக்கொண்டிருந்தவர் யார்?

அடுத்து 2022. மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவிலிருந்து போட்டி கைமாறிய பிறகு நான்கே மாதத்தில் நடத்திக் காட்டியது தமிழ்நாடு. ஜூலை 28-ம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. கமல்ஹாசன் குரலில் தமிழர் வரலாறு, பியானோவில் லிடியன் நாதஸ்வரம் என்று அசத்திய அந்த நிகழ்ச்சியை இயக்கியவர் விக்னேஷ் சிவன். அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, ஜூன் 9-ம் தேதி, இதே மாமல்லபுரம் கடற்கரையில்தான் அவருக்கும் நயன்தாராவுக்கும் கல்யாணம். அந்தக் கல்யாணமும் பிறகு நெட்ஃப்ளிக்ஸில் வந்தது தனிக்கதை. விக்னேஷ் சிவன் பெயர் நமக்குத் தெரிய முதல் காரணம், அவர் சினிமா இயக்குநர். அரங்கத்தில் அவர் உருவாக்கியதை உங்கள் வீட்டுத் திரைக்கு நம்பர் சொல்லிக் கொண்டுவந்த 'பக்கி கன்ட்ஸ்' யார் என்று கேட்டால், டெஸ்க்கில் உட்கார்ந்து அன்று முழுக்க லைவ் அப்டேட் தட்டிய என் சீனியர்களுக்கே தெரியவில்லை.

சரி, நம்மூர் விருதுகள்? தமிழ்நாடு அரசு சின்னத்திரைக்கு விருது கொடுக்கிறது, ஆனால் அதில் கவனமெல்லாம் நெடுந்தொடர்கள் மேல்தான். 2009 முதல் 2013 வரைக்குமான விருதுகளைக் கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். சேனல்களும் தங்களுக்கென்று விருது விழா நடத்துகின்றன. சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள் என்று பார்க்கிறோம். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வது மாதிரிதான். அதில் மாமியார், மருமகள், தொகுப்பாளர் எல்லோரும் மேடையேறுவார்கள். கைத்தட்டலை கேமராவில் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் மட்டும் வேனுக்குள் இருப்பார். இன்னொரு வேடிக்கை, அந்த விருது விழாவே ஒரு சிறப்பு நிகழ்ச்சிதான். எம்மியில் அதற்கும் விருது உண்டு. ஆஸ்கர் விழாவை இயக்கியதற்காக 2018-ல் க்ளென் வைஸ் எம்மி வாங்கினார். வாங்கிய மேடையிலேயே, இரண்டு வாரம் முன்பு இறந்துபோன தன் அம்மாவின் மோதிரத்தை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த காதலியிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். மறுநாள் உலகம் முழுக்க அந்த வீடியோதான். விருதைவிட மோதிரத்துக்குத்தான் வியூஸ்!

தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? சினிமாவுக்குப் போனார்கள். 'ஜெயிலர்' இயக்குநர் நெல்சன், படம் எடுக்க வரும் முன்பு விஜய் டி.வி-யில் ரியாலிட்டி ஷோக்களை இயக்கியவர். 'லொள்ளு சபா' ராம்பாலா 2016-ல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். இரண்டு பேரும் நன்றாக வந்தார்கள், சந்தோஷம். ஆனால் டி.வி நிகழ்ச்சி இயக்குவது அதிலேயே நின்று பெயர் வாங்கும் வேலையாக இங்கே இல்லை, சினிமாவுக்கு ஏறும் படிக்கட்டாகத்தான் இருக்கிறது. 'நீயா நானா' ஆண்டனி மாதிரி நிகழ்ச்சியோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படுகிறவர்கள் அபூர்வம். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் காலத்தில் கடைசியில் 'தயாரிப்பு' என்று ஒரு பெயர் நிதானமாக நிற்கும், படித்து முடிக்க நேரம் கொடுப்பார்கள் என்று பெரியம்மா சொன்னார். 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே ஒரு வீட்டில் கூடியதையும் சேர்த்து அரை மணி நேரம் சொன்னார். அது வேறு கட்டுரை.

பெரிய மேடை, நூறு பேர் ஆட்டம் என்றால்தான் எம்மி என்றும் நினைக்க வேண்டாம். 2021-ல் இந்த விருதை வாங்கியது 'இன்சைட்'. கொரோனா நேரத்தில் போ பர்ன்ஹாம் என்ற காமெடியன் ஒரே அறைக்குள் தனியாக, தானே எழுதி, தானே பாடி, தானே கேமரா வைத்து எடுத்தது. அந்த அறைக்கு விருது கிடைத்தபோது, மொபைலில் வீடியோ எடுக்கும் என் தம்பிகள் எல்லோரும் அடுத்த எம்மி நமக்குத்தான் என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா, "அவார்டு கெடக்கட்டும்மா. பேரையாவது காட்டுவாங்களா, மாட்டாங்களா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஆப் நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரியே நிகழ்ச்சி ஆப்பில் ஏறியிருந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் கடைசி நிமிடத்துக்குத் தள்ளினேன். பெயர்கள் வந்தன, முழுத்திரையில். அதற்குள் 'அடுத்த நிகழ்ச்சி 5 நொடிகளில்' என்று ஒரு பெட்டி மேலே வந்து விழுந்தது. அதை மூடி, பின்னால் தள்ளி, மூன்றாவது முயற்சியில் சரியான இடத்தில் நிறுத்திவிட்டேன்.

பெரியம்மா மொபைலை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். உள்ளே திரும்பி, "டேய், இங்க வாடா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். முந்தின நாள்தான் எடிட்டிங் முடித்து வந்து, காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"உங்கப்பா பேரு 'மு'-ல ஆரம்பிக்குது. 'மா'-ன்னு போட்டிருக்கானுங்க பாரு."

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஆமாம்மா" என்றார். பொங்கல் நிகழ்ச்சிக்கு மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மீதமிருந்த அதிரசத்தை எடுத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.