சின்ன காலேஜ் ஹாக்கி டீமுக்கு யார் பில் கட்டுறது?

ஹாக்கிதான் நம்ம தேசிய விளையாட்டுன்னு எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒருத்தர் கேள்வி கேட்டப்போ, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவே இல்லைன்னு மத்திய அரசு பதில் சொல்லிடுச்சு. எங்க பி.காம். பாஷையில சொன்னா ஹாக்கிக்கு குட்வில் ஏராளம், கையில கேஷ் இல்லை :-)

இந்த கேஷ் பிரச்சினை ரொம்பப் பாதிக்கிறது சின்ன ஊர் காலேஜ்களைத்தான். செம்பட்டியில இருந்து பஸ் ஏறி நான் படிக்கப் போற காலேஜும் அப்படி ஒண்ணுதான். ஹாக்கி டீம்னு பேருக்கு ஒண்ணு இருக்கு. மேட்ச் வந்தா பதினோரு பேர் சேர்றதே கஷ்டம். பசங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு சார்கள் சொல்றாங்க. எனக்கு அது கணக்குப் பிரச்சினையாத்தான் தெரியுது.

எப்படின்னு பாருங்க. ஒரு பேச்சுக்கு, ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் தலைக்கு 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். 3000 பேர் படிக்கிற காலேஜுக்கு 3 லட்சம் வரும். 500 பேர் படிக்கிற காலேஜுக்கு 50 ஆயிரம். வரவு ஆறு மடங்கு வித்தியாசம். ஆனா செலவு? கோல் கீப்பருக்கு பேடு, கிக்கர், ஹெல்மெட், நெஞ்சுக்கும் கைக்கும் கவசம்னு ரெண்டு காலேஜும் ஒரே செட்டைத்தான் வாங்கணும். ஸ்டிக், பந்து, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அதே அளவுதான். இதைத்தான் ஃபிக்ஸட் காஸ்ட்னு முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாங்க. ஆள் குறைவா இருக்கிற இடத்துல தலைக்கு விழுற பாரம் அதிகம். அப்போ பட்ஜெட்ல கத்திரிக்கோல் எடுத்தா முதல்ல வெட்டு விழுறது ஹாக்கிக்குத்தான். கபடிக்கு ஷார்ட்ஸும் கோடு போட சுண்ணாம்பும் இருந்தாலே ஆரம்பிச்சிடலாமே.

இன்னொரு அடி தரையில இருந்து வந்தது. 1928-ல் இருந்து 1972 வரைக்கும் இந்தியா போன எல்லா ஒலிம்பிக்லயும் ஹாக்கி மெடல் வாங்குச்சு. 1976-ல் மாண்ட்ரியல்ல முதல் தடவையா செயற்கைப் புல்தரை போட்டாங்க, இந்தியாவுக்கு ஏழாவது இடம். அன்னைக்கு ஒரு நாட்டுக்கு நடந்தது இன்னைக்கு ஒவ்வொரு சின்ன காலேஜுக்கும் நடக்குது. செம்மண் கிரவுண்டுல பந்து எகிறி எகிறிப் போகும், டர்ஃப்ல சர்ருனு போகும். ரெண்டும் வேற வேற ஆட்டம் மாதிரி. மண்ணுல மட்டும் பழகுன பையன் டர்ஃப்ல இறங்கினா பாதி மேட்ச் அதுக்குப் பழகுறதுலயே போயிடும்.

ஹாக்கியில பணமே இல்லையான்னா, இருக்கு. ஒடிசா அரசு 2018-ல் இருந்து இந்திய அணிக்கு ஸ்பான்சர், அதை 2036 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. 2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பை 24 அணிகளோட சென்னையிலயும் பக்கத்துல மதுரையிலயும் நடந்துச்சு. இதெல்லாம் சந்தோஷம்தான், குறை சொல்லலை. ஆனா ஸ்டேடியம் மூலதனச் செலவு. ஒரு தடவை கட்டி, கல்வெட்டு வெச்சு, ரிப்பன் வெட்டலாம். பஸ் காசும் சாப்பாடும் வருஷா வருஷம் வர்ற செலவு. அதுக்கு யாரும் கல்வெட்டு வைக்கிறதில்லை, அதனால யாரும் கொடுக்கிறதும் இல்லை.

கோவில்பட்டியைப் பாருங்க. அதுவும் பெரிய நகரம் இல்லை. ஆனா அங்க ஸ்கூல், கிளப், விளையாட்டு விடுதி, வெளியூர் அணிகள் வர்ற அகில இந்தியப் போட்டின்னு ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிக்குது. அங்க பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. எங்க திண்டுக்கல் மாவட்டத்துக்கும் விளையாட்டுல பேர் இருக்கு. நத்தத்துல ஒரு காலேஜ் கிரவுண்டுலயே டிஎன்பிஎல் கிரிக்கெட் நடந்திருக்கு, 2024-ல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையும் வாங்குச்சு. ஹாக்கிக்குத்தான் அப்படி ஒரு பிடிமானம் இல்லை.

"ஹாக்கி போனா போகட்டும், வேற எத்தனையோ விளையாட்டு இருக்கே"ன்னு கேக்கலாம். தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் ஸ்டிக் பிடிச்ச பையன் காலேஜ்ல வந்து திடீர்னு கபடி ஆடி மேல வர முடியுமா? காலேஜ் டீம் போச்சுன்னா, யூனிவர்சிட்டி டீமுக்குப் போற வழியும் சர்டிபிகேட்டும் சேர்ந்து போச்சு. வசதி உள்ள பையன் பெரிய காலேஜ்ல சேர்ந்துக்குவான். விவசாயக் கூலி வீட்டுப் பையன் ஸ்டிக்கைப் பரண்ல போட்டுட்டு பார்ட் டைம் வேலைக்குப் போவான்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோணுறது:

1. ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு வருஷம் ஒரு தடவை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். பெரிய ஆடிட் எல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

2. நாலு சின்ன காலேஜ் சேர்ந்து ரெண்டு கோல் கீப்பர் செட் வாங்கிப் பொதுவா வெச்சுக்கலாம். ஒரு மேட்சுக்கு ரெண்டு செட்தானே வேணும்.

3. ஐவர் ஹாக்கி. 2024-ல் மஸ்கட்ல இதுக்கு உலகக் கோப்பையே நடந்துச்சு. சின்ன கிரவுண்டு போதும், ஆளும் கம்மி. பதினொருவர் ஆட்டத்துக்கு இது மாற்று இல்லை, ஆனா டீம் செத்துப் போகாம காப்பாத்தும்.

4. 2013 கம்பெனிகள் சட்டப்படி, லாபம் 5 கோடியைத் தாண்டுற கம்பெனிகள் சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு செலவு பண்ணணும். கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி ரெண்டுமே அந்தப் பட்டியல்ல இருக்கு. நம்ம மாவட்டத்துல மில்லுகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டேடியம் கேக்க வேண்டாம். ஒரு டீமோட ஒரு வருஷ பஸ் காசும் சாப்பாடும் கேட்டுப் பார்க்கலாம். கேட்டா கிடைக்குமான்னு தெரியாது, கேக்காட்டி நிச்சயமா கிடைக்காது.

இதுல முதல் வேலைக்குப் பைசா செலவில்லை. கேக்குறதுக்கு நாலு பேர் இருந்தா போதும். உங்க காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் எவ்வளவு, அது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?