"எங்களைக் காணோமே?" என்று கேட்ட பிள்ளைகள்

சிகாகோவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து "என்ன சார் பார்த்தீங்க?" என்று பலரும் கேட்கிறீர்கள். பனிப் படங்கள் எல்லாம் குடும்பக் குழுவில் வந்துவிட்டன. நான் சொல்ல நினைப்பது அங்குள்ள வரலாற்று அருங்காட்சியகம் பற்றி.

2019-இல் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அங்கே போயிருக்கிறார்கள். லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். தங்களவர்களின் அடையாளமாக அவர்கள் கண்ணில் பட்டது, தாழ இறக்கி அலங்கரித்த ஒரு 'லோரைடர்' கார்தான். நகர மக்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் லத்தீனோக்கள். "எங்களைக் காணோமே?" என்று கேட்டதோடு நிற்காமல் வாசலில் போராட்டமும் செய்தார்கள். அதன் பலனாக 2025 அக்டோபரில் 'அக்கீ என் சிகாகோ' (இங்கே, சிகாகோவில்) என்ற கண்காட்சி திறந்தது.

வரலாறு நிபுணர்களின் வேலை, ஊர்க்காரர்களைக் கேட்டால் சுயபெருமைதான் பேசுவார்கள் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தையே பாருங்கள். அது லிங்கன் பார்க்கின் ஓரத்தில் இருக்கிறது. 1960-களில் அந்த வட்டாரத்தில் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் நிறைய வாழ்ந்தன. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதை எதிர்த்து 'யங் லார்ட்ஸ்' இளைஞர்கள் 1969-இல் அங்கிருந்த ஒரு இறையியல் கல்லூரிக் கட்டடத்தையே பிடித்து உட்கார்ந்தார்கள். கோப்பில் அது 'சீரமைப்பு'. எந்த வீதியில் எந்த வீடு போயிற்று என்பது அங்கே குடியிருந்தவருக்குத்தானே தெரியும்?

ஆகவே சமூக ஆலோசகர்கள் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எல்லாம் எழுதி முடித்தபின் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, தலையாட்டச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனை அல்ல. முதல் நாளே அழைக்க வேண்டும், "இது வேண்டாம்" என்றால் கேட்க வேண்டும், சம்பளமும் கொடுக்க வேண்டும். காப்பாளர் மட்டும் இனாமாகவா வேலை செய்கிறார்? 'சமூகத் தலைவர்' ஒருவரைப் பிடித்துப் போட்டாலும் போதாது. மெக்சிகோக்காரர்கள் ரயில் பாதைக்கும் எஃகு ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்கள். புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். இருவர் கதையும் ஒன்றாகாது. ஆலோசகர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் நல்லதே.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. வருடாவருடம் உங்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். "வரிசையா வா, கண்ணாடியில கை வைக்காதே" என்பதற்கு மேல் நான் என்ன சொன்னேன்? உங்களில் யாராவது "எங்க தெரு இதுல எங்க சார்?" என்று கேட்டிருந்தால், "பேசாம வாடா" என்று அதட்டியிருப்பேன். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அதே ஊரில், பில்சன் பகுதியில், மெக்சிகோ கலைக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் உண்டு. 1982-இல் அதற்கு வித்திட்டவர்கள் ஆசிரியர்கள் (நம் சாதி!). அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. சிகாகோ பக்கம் இருக்கும் என் மாணவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். அவர்கள் அங்கே என்ன கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள்.