மூட்டைக்குள் நடப்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்

காவிரிப் படுகை மக்களின் கோரிக்கைச் சாசனம்

நெல்லை விளைவிப்பவர்கள், அதைச் சுமந்து மூட்டைகளை அடுக்கி அட்டி போடுபவர்கள், அரிசியாக ரேஷன் கடையில் வாங்கிப் பொங்குபவர்கள் என மூன்று தரப்பாரும் சேர்ந்து, உணவுத் துறைக்கும் கிடங்கு நிர்வாகங்களுக்கும் இதை எழுதுகிறோம்.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது எங்கள் தஞ்சாவூரில்தான். அறுபது ஆண்டு கடந்தும், மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் குத்தூசியால் ஒரு பிடி எடுத்து, சலித்து, கண்ணால் பார்த்தே சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அரிசிக் கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசை போன்ற சுரப்பால் அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டான பிறகே வெளியே வருகிறது. நம் ஊர் வெயிலுக்கு இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். நெல்லிலும் அந்துப்பூச்சியின் புழு இப்படித்தான் உமிக்குள் ஒளிந்திருக்கும். மேலே நல்ல மணி, உள்ளே வெறும் கூடு. அந்த அரிசியைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே கிடங்குதோறும் இரவும் பகலும் தானாகப் பூச்சியை எண்ணும் கருவிகள் வேண்டும். இது ஆகாத காரியமல்ல. தானியத்துக்குள் இருக்கும் பூச்சி காற்றை நாடி நகரும். இந்த இயல்பை வைத்தே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளையிட்ட குழாய்ப் பொறியை உருவாக்கியது. துளைக்குள் நுழையும் வண்டு அடியிலுள்ள கூம்பில் விழுந்து சிக்கும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் இதுபோன்ற குழாயில் அகச்சிவப்புக் கதிரைப் பொருத்தினார்கள். விழும் பூச்சி கதிரை மறிக்க, அந்த நொடியே கணினியில் பதிவாகிவிடும். மணிக்குள் புழு கடிக்கும் ஓசையைக் கேட்கும் உணரிகளும் உண்டு.

ஒன்றை நாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கதிர்க் குழாய்கள் இரும்புக் கொள்கலனில் கொட்டிவைத்த தானியத்துக்காகச் செய்யப்பட்டவை. நம்முடையது சாக்கு மூட்டை அட்டி. வெளிநாட்டுக் கருவியை அப்படியே வாங்கிச் செருகிவிட்டுக் கணக்கு முடித்துவிடக் கூடாது. கோவைப் பல்கலைக்கழகமும் தஞ்சாவூரிலுள்ள நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் நம் அட்டிகளில் சோதித்துத் தேறியதையே வாங்க வேண்டும். குளிர்ந்தால் வண்டு நடமாடாது, எண்ணிக்கை குறைந்து காட்டும். எனவே வெப்பமும் ஈரப்பதமும் கூடவே பதிவாக வேண்டும்.

மருந்து வைப்பது எண்ணிக்கையைப் பார்த்து நடக்கட்டும். அலுமினியம் பாஸ்பைடு வில்லையை வைத்து, படுதாவைச் சரியாக மூடாமல் விட்டால், அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு கசிந்து வலுவில்லாத பூச்சிகள் மட்டும் சாகும். தப்பியவை பெருகும், அவற்றின் வாரிசுகளுக்கு அந்த மருந்து உறைக்காது. பாஸ்பீனைத் தாங்கும் பூச்சிகள் இந்தியக் கிடங்குகளில் ஏற்கெனவே உண்டு. கசிந்த வாயுவைச் சுவாசிப்பவர் சுமைப்பணித் தொழிலாளி. வாயு அளவைக் கருவியில் பார்க்காமல் எவரையும் உள்ளே அனுப்பக் கூடாது.

இந்தச் சாசனத்தில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்வது இதுதான்: பூச்சி கூடியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி பதிந்த பணியாளருக்கு மெமோ கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் போதும், அடுத்த மாதம் எல்லாக் கிடங்கிலும் கருவி பழுதாகிக் கிடக்கும். பதிவை மறைத்தவர்மீதும், பதிவைப் பார்த்தும் அசையாமல் இருந்தவர்மீதும் நடவடிக்கை எடுங்கள். கருவி வந்ததைச் சொல்லி ஒரு தரப் பரிசோதகரின் வேலையையும் பறிக்கக் கூடாது. கிடங்கில் விழுந்த பூச்சிக்கு விவசாயியின் விலையில் பிடித்தம் செய்யவும் கூடாது.

ஈரத்தோடு அட்டி ஏறிய நெல்லை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. கொள்முதல் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரம் கொடுங்கள்.

வாரக் கணக்கைக் கிடங்கு வாசலில் தமிழில் எழுதிப் போட வேண்டும். எந்த அட்டி, எத்தனை பூச்சி, என்ன செய்தார்கள் என்று மூன்றே பத்தி இருந்தால் போதும்.

தையில் சம்பா நெல் வந்து இறங்குமுன் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தலா ஒரு கிடங்கிலாவது சோதனையைத் தொடங்குங்கள். முதல் வாரக் கணக்கு எடுக்கும்போது, சுமைப்பணித் தொழிலாளி ஒருவரும் குடும்ப அட்டைதாரர் ஒருவரும் கூடவே நின்று பார்ப்பார்கள்.