உறங்கா வைத்தியமும் உள்ளகப் பயிற்சியும்

இலங்கையின் மருத்துவ பீடமொன்றில் இறுதித் தேர்வில் தேறிய ஒருவர் அன்றே முழுமையான வைத்தியராகிவிடுவதில்லை. ஒரு துறையில் ஆறு மாதங்களும் பிறிதொரு துறையில் ஆறு மாதங்களுமாக ஓராண்டு உள்ளகப் பயிற்சியை நிறைவு செய்த பின்னரே அவர் மருத்துவ சபையின் முழுப் பதிவுக்குத் தகுதி பெறுகின்றார். அவ்வாண்டின் வாயிலில் நிற்போருக்கு மூத்தோர் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: “பொறுத்துக்கொள், நாங்களும் இப்படித்தான் பயின்றோம்.” அனுபவத்தின் குரலாக ஒலிக்கும் இவ்வறிவுரை நோயாளருக்குக் கேடு விளைவிப்பது, வைத்தியக் கல்வியின் நோக்கத்துக்கும் முரணானது.

இதன் அடியில் இரு நம்பிக்கைகள் மறைந்துள்ளன. உறக்கமின்மை ஒரு நல்லாசான் என்பது ஒன்று; நள்ளிரவில் மூத்தவரை அழைத்து ஐயம் வினவுதல் திறமையின்மையின் அடையாளம் என்பது மற்றொன்று. இரண்டுமே சோதனைக்கு நின்று பிடிப்பன அல்ல.

இம்மரபின் தோற்றத்தை நோக்குதல் பயனுடையது. 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உருவாக்கிய முறையில், பயிலும் வைத்தியர் வைத்தியசாலையிலேயே வதிந்தார். எந்நேரமும் கடமைக்குரியவராக இருந்தார். ‘ஹவுஸ் ஒபிசர்’ என்று நம்மிடையே வழங்கும் பெயரும் வைத்தியசாலையையே இல்லமாகக் கொண்டவரையே சுட்டுகின்றது. அக்காலத்து விடுதிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. இன்றுள்ள வீரியமிக்க மருந்துகளும் அவற்றின் சிக்கலான இடைத்தாக்கங்களும் இல்லை. நோயாளரை நாட்கணக்கில் அவதானித்திருத்தலே அன்றைய வைத்தியத்தின் பெரும் பகுதியாயிருந்தது. அக்காலத்துக்குரிய ஒழுங்கை இன்றைய விடுதியிற் பேணுவது மரபுப்பற்று அன்று, சிந்தனைச் சோம்பலாகும்.

1984இல் நியூயோர்க் நகரிற் காய்ச்சலுடன் அனுமதிக்கப்பட்ட 18 வயதுக் கல்லூரி மாணவியொருத்தி சில மணித்தியாலங்களுள் இறந்தாள். மனவழுத்தத்துக்கு அவள் உட்கொண்டு வந்த மருந்துடன் வைத்தியசாலையிற் கொடுக்கப்பட்ட பெதிடின் சேர்ந்தமை காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. அவ்விரவில் அவளுக்குப் பொறுப்பாயிருந்தோர் நீண்ட கடமையிலிருந்த பயிற்சி வைத்தியர்களே. அம்மரணத்தின் காரணம் பற்றிய வாதம் முற்றாக ஓயவில்லை. ஆயினும் களைப்புற்ற, போதிய மேற்பார்வையற்ற பயிற்சியாளரிடம் ஓர் உயிரை ஒப்படைக்கும் ஒழுங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி வைத்தியரின் கடமையை வாரத்துக்கு 80 மணித்தியாலங்களுக்குள் வரையறுத்தது. 2003இல் அவ்வெல்லை அமெரிக்கா முழுவதற்கும் உரியதாயிற்று.

பொஸ்ரன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிகழ்த்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், 24 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட தொடர் கடமையுள்ள பழைய ஒழுங்கில், சுருக்கிய கடமையொழுங்கைவிட ஏறத்தாழ 36 சதவீதம் கூடுதலான பாரதூரமான தவறுகள் நிகழ்ந்தமை கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, நீண்ட கடமை முடித்து வாகனம் ஓட்டிச் செல்லும் பயிற்சி வைத்தியர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேற்படுவதைக் காட்டியது. தியாகம் என்று புகழப்படுவதன் விலையை நோயாளரும் வைத்தியருமே செலுத்துகின்றனர்.

மறுதரப்பினர் வெறுங்கையினர் அல்லர். கடமை நேரம் குறைந்தால் நோயாளர் அடிக்கடி கைமாறுவர், ஒவ்வொரு கைமாற்றத்திலும் செய்தி சிதறும் என்பது அவர்தம் வாதம். 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நீண்ட தொடர் கடமையை அனுமதித்த சத்திரசிகிச்சைப் பயிற்சி நிலையங்களில் நோயாளரின் நிலை மோசமடையவில்லை என்பதையும் அவர்கள் சுட்டுவர். ஆனால் அவ்வாய்வின் இரு பிரிவினருக்கும் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்ற எல்லை பொதுவாகவே இருந்தது. எல்லையற்ற கடமைக்கு அது சான்றாகாது. கையளிப்பில் செய்தி சிதறுமாயின் கையளிப்பையே சீர்செய்தல் வேண்டும். ஒன்பது வைத்தியசாலைகளில் ஒழுங்குபடுத்தப்பட்ட கையளிப்பு முறை புகுத்தப்பட்டபோது தவறுகள் 23 சதவீதம் குறைந்தமை 2014இல் நிறுவப்பட்டது. கையளிக்கத் தெரியாமையை மறைப்பதற்கு ஒருவரை விழித்திருக்கச் செய்தல் பரிகாரமாகாது.

ஆகவே, புதிய வைத்தியருக்குக் கூறவேண்டிய அறிவுரை வேறு. நோயாளரின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் விளங்காத வகையில் மாறும்போது மூத்த வைத்தியரை அழைப்பது அவருடைய கடமை. அழைக்காது விடிவை எதிர்பார்த்திருப்பதே குற்றம். விடுதியிற் பல்லாண்டு பணியாற்றிய தாதி “இவரைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது” என்று கூறினால், அச்சொல்லை ஆய்வுகூட அறிக்கைக்கு நிகராக மதித்தல் வேண்டும். இன்சுலின் 10 அலகு என எழுதும் கை, அலகைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைச் சுருக்கி எழுதினால் அது பூச்சியமாகித் தோன்றி 10 என்பது 100 ஆகிவிடக்கூடும். எனவே அலகு என்பது முழுச்சொல்லாகவே எழுதப்படல் வேண்டும். களைத்த கை செய்யும் தவறுகள் இத்தகைய சிறு இடங்களிலேயே நிகழ்கின்றன. தவறு நேர்ந்தவிடத்து அதனை அன்றே கூறுதல் வேண்டும். மறைக்கப்படும் தவறு அடுத்த நோயாளரிடமும் நிகழும்.

ஆயினும் அறிவுரையைப் புதியவருக்கு மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. அழைத்தவரை அனைவர் முன்னிலையிலும் ஏளனம் செய்யும் மூத்தவர், அடுத்த இரவின் மௌனத்துக்குத் தாமே பொறுப்பாளர். 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து பல வைத்தியர் நாட்டைவிட்டு நீங்கினர். அதனால் விழும் வெற்றிடங்களைப் பயிற்சியாளரின் உறக்கத்தைக் கொண்டு நிரப்பிவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயரிடுதல் கல்வியாகாது. மலிவான உழைப்பைப் பெறும் உபாயமே அது. பயிலவந்தவருக்கு உரியது மேற்பார்வை, வரையறுத்த கடமை நேரம், அச்சமின்றி வினவும் உரிமை ஆகியன. இவற்றைக் கோருவது சுகபோகத்தைக் கோருவதன்று. பின்னிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் நோயாளருக்குத் தெளிந்த மனமுடைய ஒருவர் வேண்டும்; அவருக்காகவே இக்கோரிக்கை எழுப்பப்படுகின்றது.