ஏழாம் வாரமா, பதினோராம் வாரமா?

மலக்குடலில் புற்றுநோய் கண்டவர்களுக்குக் கதிர்வீச்சையும் கீமோ மருந்தையும் ஐந்தாறு வாரம் சேர்த்துக் கொடுத்து முடித்த பிறகு, உடனே சஸ்திர சிகிச்சையில் இறங்காமல் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருப்பது என்னும் சம்பிரதாயம், ஆஸ்பத்திரிகளில் வெகுகாலமாக ஒரு சட்டத்தின் அந்தஸ்தோடு நடமாடி வந்திருக்கிறது. அதன் மூலத்தைத் தேடிச் சென்றாலோ, 1991 முதல் 1995 வரை பிரான்ஸ் தேசத்து லியோன் நகரைச் சார்ந்து 201 நோயாளிகளிடம் நடந்த ஒரு பரீட்சையில்தான் பெரும்பாலும் போய் நிற்கிறோம். இரண்டு வாரத்துக்குள் அறுவை பெற்றவர்களில் 10.3 சதவிகிதத்தினரிடமும், ஆறெட்டு வாரம் காத்திருந்தவர்களில் 26 சதவிகிதத்தினரிடமும் கட்டி வெகுவாகப் பின்வாங்கியிருந்தது. ஆசனவாயைக் காப்பாற்றித் தருவதில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் நிரூபணமாகவில்லை. அங்கே கொடுக்கப்பட்டது கதிர் மட்டுமே, கீமோ அல்ல என்பதையும், ஒப்பிட்டுப் பார்த்தது இரண்டே வாரத்தோடுதான் என்பதையும் பின்வந்தவர்கள் சௌகரியமாக மறந்துபோனார்கள்.

கதிர் பட்ட செல் அக்கணமே மடிவதில்லை; அதன் மரபுப்பொருள் சிதைந்திருந்தாலும், அது இரண்டாகப் பிளக்க முயலும் வேளையில்தான் பெரும்பாலும் அழிகிறது; ஆகையால் கட்டியின் க்ஷீணம் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூடத் தொடர்கிறது. எட்டு வாரம் நல்லதென்றால் பன்னிரண்டு அதைவிட நல்லதல்லவா என்ற தர்க்கம் இதிலிருந்தே பிறந்தது. ஆனால் கதிர் கட்டியை மட்டும் தொட்டுவிட்டு நிற்பதில்லை. இடுப்புக்கூட்டின் திசுக்களில் முதலில் வீக்கமும் பிறகு தழும்பின் இறுக்கமும் உண்டாகி, மலக்குடலையும் அதைச் சூழ்ந்த கொழுப்புறையையும் ஒருசேரப் பிரித்தெடுக்க வேண்டிய சர்ஜனுக்கு வழிகாட்டும் மெல்லிய இடைவெளி, நாளாக ஆகக் கெட்டித்துப்போகிறது. அந்த உறை கிழியாமல் வெளிவருவதே நோய் அதே இடத்தில் தலைதூக்காமலிருப்பதற்குப் பெரிய ஆதாரம் என்பதை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து பில் ஹீல்ட் 1980-களிலேயே வற்புறுத்தி வந்தார்.

மேற்படி தர்க்கத்தைச் சோதித்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. 2016-இல் வெளியான கிரெக்கார்-6 ஆய்வில் 24 மருத்துவமனைகளின் 265 நோயாளிகள் ஏழு வாரம், பதினோரு வாரம் என இரு பிரிவாக்கப்பட்டார்கள். அறுத்தெடுத்த குடலில் புற்றுச் செல்லே தென்படாதவர்கள் முன்னதில் 15, பின்னதில் 17.4 சதவிகிதம், வித்தியாசம் என்று சொல்லத்தக்கதல்ல. சிக்கல்களோ 32 சதவிகிதத்துக்குப் பதிலாக 44.5 ஆயின, கொழுப்புறை முழுமையாக வெளிவந்தது 90-க்குப் பதில் 78.7 சதவிகிதத்தினரிடம்தான். நான்கு வார அதிகப் பொறுமைக்குக் கிடைத்த பிரசாதம் இதுதான்! பிரிட்டனில் ஆறு வாரத்தையும் பன்னிரண்டு வாரத்தையும் ஒப்பிட்டபோது, புற்றுச் செல் தென்படாதவர்கள் 9, 20 சதவிகிதம் என்று வேறு கணக்கு வந்ததை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், எப்படியும் வெட்டி நீக்கப்போகிற குடலில் செல் மிச்சமிருந்ததா என்று மைக்ராஸ்கோப் சொல்லும் தீர்ப்பு நோயாளியின் ஆயுளைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது.

அந்தக் குடலை நீக்காமலே விட்டுவிட முடியுமானால் விஷயம் வேறு. பிரேஸில் தேசத்து ஸாவோ பாவ்லோவில் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா அம்மையார், கட்டி அடியோடு மறைந்துவிட்டவர்களை அறுக்காமல் கண்காணித்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்; அவருடைய 265 பேரில் (பிரெஞ்சுத் தொகையோடு ஒத்துப்போவது தற்செயலே) 71 பேர் அப்படிப்பட்டவர்கள். வயிற்றில் பையோடு வாழும் நிர்ப்பந்தத்திலிருந்து தப்ப விரும்புகிறவருக்கு, கட்டி கரைந்துகொண்டே வரும்போது மேலும் சில வாரங்கள் பொறுப்பது நியாயமே. 2018-இல் வெளிவந்த சர்வதேசப் பதிவேட்டின்படி, இப்படி அறுக்காமல் கண்காணிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் கட்டி மறுபடி முளைக்கிறது. ஆகவே தவறாத பரிசோதனை இல்லாத இடத்தில் இந்த வழி அபாயகரமானது.

எனவே வாரங்களின் எண்ணிக்கையைப் பற்றி வாதாடுவதைவிட, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதலில் நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அறுவை நிச்சயம் என்றானவரைப் பதினோராம் வாரத்துக்குத் தள்ளிவைக்க ஆதாரமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் தேதி கிடைக்காததனால் நீண்டுபோன தாமதத்துக்குக் கட்டி சுருங்கட்டுமென்று பிறகு விஞ்ஞானப் பெயர் சூட்டுவது இன்னும் மோசம். கதிர் முடிகிற அன்றே, இவருடைய காத்திருப்பு அறுவைக்கா, குடலைக் காப்பதற்கா என்பதையும், விரல் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் உரிய தேதிகளையும், சர்ஜனே கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம்.