திறப்பு விழாவுக்கு மறுநாள்

வெளிநாட்டுப் பள்ளிகளுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். சீருடைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பளபளக்கும் குழாயிலிருந்து டம்ளரில் தண்ணீர் விழுகிறது, பக்கத்துச் சுவரில் கொடையாளர் பெயர் பொறித்த கல். அதே குழாயின் மூன்றாம் ஆண்டுப் படத்தை நான் எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர்த் திட்டங்களோடு மாரடித்தவன் நான். திறப்பு விழா எனக்குப் பெரிதாகத் தெரியாது. மறுநாள் காலையில் அங்கே யார் வருகிறார் என்பதுதான் தெரிய வேண்டும்.

இப்போது எங்கள் ஓய்வூதியர் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வசூல் நடக்கிறது. கென்யாவில் நகுரு பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஆர்.ஓ. இயந்திரம். நோக்கத்தில் குறையே இல்லை. அந்தப் பிளவுப் பள்ளத்தாக்கு எரிமலை மண். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஏறிக் கிடக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அங்கே அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். தருமபுரிப் பக்கம் வேலை பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு, சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

என் சண்டையெல்லாம் எஸ்டிமேட்டோடுதான். இயந்திரம், கப்பல் கூலி, பொருத்தும் செலவு, திறப்பு விழாச் செலவு என்று எல்லாவற்றுக்கும் தொகை இருக்கிறது. பராமரிப்புக்கு மட்டும் தொகை இல்லை, "பள்ளி நிர்வாகம் கவனித்துக்கொள்ளும்" என்று ஒரு வரி இருக்கிறது. எதை வைத்துக் கவனிப்பார்கள்? சவ்வு இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். (ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் கெட்டியாக இருக்குமே, அது எங்கே போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க சார்" என்றார்கள்.)

கைப்பம்பு கெட்டால் தண்ணீர் வராது. ஊரே சத்தம் போடும், யாராவது வந்தாக வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரம் அப்படிக் கெடாது. சவ்வு கிழிந்தாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், பார்க்கத் தெளிவாகவும் இருக்கும். ஃபுளோரைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. யு.வி. விளக்கும் இதே கதைதான். ஒரு வருடம் எரிந்தபின் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்துபோகும், நீல வெளிச்சம் மட்டும் அழகாக எரியும். இயந்திரம் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் மழைநீரோ, தொலைவிலுள்ள நல்ல கிணற்று நீரோ கொண்டுவந்திருப்பார்கள். வந்தபின் அதை நிறுத்திவிடுவார்கள். இயந்திரம் செத்தது தெரியாமல் இரண்டு வருடம் குடித்தால், எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அந்தப் பல் ஆயுசுக்கும் அப்படியேதான். செத்த கைப்பம்பால் வருவது சிரமம். செத்த சுத்திகரிப்பு இயந்திரத்தால் வருவது நோய், அதுவும் நம் பெயர் பொறித்த குழாயிலிருந்து.

நான் கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. பிளேபம்ப் என்ற ராட்டினப் பம்பை நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். 2006-இல் பில் கிளின்டனின் மாநாட்டு மேடையில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள். ஒன்றின் விலை ஏறக்குறைய 14,000 டாலர். சொன்னபடி அத்தனை பேருக்கும் தண்ணீர் கிடைக்கப் பிள்ளைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் சலித்துப் போன பிறகு பெண்கள்தான் அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழுதானால் ஊர் ஃபிட்டர் கை வைக்க முடியாத அமைப்பு வேறு.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் திருந்துவதில்லை? பழியில் பாதி கொடுப்பவர்கள் மேல்தான். "நான் கொடுக்கிற நூறு ரூபாயில் நிர்வாகச் செலவு எத்தனை?" என்று மிடுக்காகக் கேட்கிறோம். அந்தக் கணக்கில் இயந்திரம் 'சேவை', மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் வடிகட்டி மாற்றுகிற ஆளின் சம்பளம் 'நிர்வாகம்'. நல்ல பெயர் வேண்டுமென்று நிறுவனம் முதலில் அந்த ஆளைத்தான் நிறுத்துகிறது.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: "எல்லாவற்றையும் நாமே செய்தால் அவர்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் எந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் சொந்தக் காலில் நின்று சவ்வு வாங்கினார்? மேல்நிலைத் தொட்டிக்குக்கூட ஊராட்சிச் சம்பளத்தில் டேங்க் ஆபரேட்டர் இருக்கிறார். நமக்கு இல்லாத வைராக்கியத்தை நகுருவின் வாத்தியாரிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

சொந்தக் காலில் நிற்கும் வழி அதே நகுருவில் இருந்திருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தண்ணீர்ப் பிரிவினர் மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி ஃபுளோரைடை உறிஞ்சும் வடிகட்டிகள் செய்தார்கள். எலும்பும் அங்கேயே கிடைப்பது, சூளையும் அங்கேயே. கரி தீர்ந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். பளபளப்பு இல்லை, படத்துக்கு எடுக்காது. அங்கேயும் கரியை மாற்ற ஆள் வேண்டும், தண்ணீரைச் சோதிக்க ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் அடுத்த ஊரில் இருப்பார்.

ஆகவே வசூல் கேட்டு வருகிறவர்களிடம் நான் மூன்று விவரம் கேட்கிறேன். வடிகட்டி மாற்றப்போகிறவர் யார், எந்த ஊர், பத்து வருடச் சம்பளம் எந்தக் கணக்கில் இருக்கிறது. பத்துப் பள்ளிக்கு இயந்திரம் வாங்கும் பணத்தில் இப்படிச் செய்தால் மூன்று பள்ளிக்குத்தான் வரும் என்கிறார்கள். வரட்டும். மூன்று பள்ளிக்கே கொடுப்போம், மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து எழுதும் நோட்டுப் புத்தகத்தின் விலையையும் சேர்த்து.