யார் பக்கம் நின்றான் சின்னமலை?

தோழர்களே! ஆடிப்பெருக்கு வந்தால் ஓடாநிலையில் மாலைகள் குவிகின்றன. தீரன் சின்னமலை எங்கள் சாதி என்று மார்தட்டுவோர் அங்கே உண்டு. திப்பு சுல்தான் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்போரும் உண்டு. இரண்டையும் ஒருவரே செய்யும் விந்தையையும் காண்கிறோம்! அவர்களை நாம் கேட்கிறோம்: சின்னமலை யாரோடு சேர்ந்து வாள் தூக்கினான்?

மேலப்பாளையத்துத் தீர்த்தகிரி பேரரசன் அல்லன், சிறிய பாளையக்காரன். மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தான் என்பது கொங்கு மக்கள் இன்றும் சொல்லும் கதை. அப்படிப்பட்டவன் பின்னர் அதே மைசூரோடு கைகோத்தான். கொங்குப் படையைத் திரட்டிக்கொண்டு திப்புவுக்குத் துணையாகக் களம் புகுந்தான். ஏன்?

மைசூரோடு இருந்தது வரித் தகராறு; பேசித் தீர்க்கலாம். கும்பினியோ நாட்டையே கேட்டது; அதனிடம் எதைப் பேசித் தீர்ப்பது? சில்லறைப் பகை எது, பெரும்பகை எது என்று பிரித்தறிந்தான். அதுதான் அரசியல்!

மதம் பார்த்தானா? இல்லை! மதம் பார்த்துத்தான் அணி சேர்ந்தார்கள் என்றால், ஐதராபாத் நிஜாம் எங்கே நின்றிருக்க வேண்டும்? திப்பு பக்கம் அல்லவா! அவரோ 1798-இல் கும்பினியோடு உடன்படிக்கை செய்து, மறு ஆண்டு திப்புவின் மீதே படை அனுப்பினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளையனிடம் கொடுத்தார். அவருடைய சமஸ்தானம் 1948 வரை பிழைத்தது. பெயர் பிழைத்ததா?

1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டான். கோவைச் சீமை கும்பினி கைக்குப் போயிற்று. துணைவன் செத்தபின் சலாம் போட்டுப் பாளையத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருந்தது. சின்னமலை அதை மிதித்துத் தள்ளினான். ஓடாநிலையில் கோட்டை கட்டினான். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர் தீட்டிய திட்டம் முறிந்து, 42 பேர் தூக்கில் தொங்கினர். அதைக் கண்டும் அவன் அடங்கவில்லை. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவன் கழுத்திலும் கயிறு ஏறியது. தம்பியரும் கருப்பசேர்வையும் உடன் மாண்டனர். அருந்ததியர் குடியில் பிறந்த பொல்லான் அவனுக்காக ஒற்றறிந்து உயிரீந்தான். இந்தப் படைக்கா சாதிச் சாயம் பூசுவது?

தோற்றவனைத்தானே புகழ்கிறீர்கள் என்பர் சிலர். ஆம், தோற்றான். ஆனால் பகைவனைத் தவறாகக் கணித்துத் தோற்கவில்லை.

இந்தக் கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைக் கோவை அறியும். 1997-இல் கலவரம், 1998 பிப்ரவரியில் குண்டுவெடிப்பு. கடைகள் எரிந்தன, உழைக்கும் குடும்பங்கள் அழுதன. அதனால் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு காசு கூலி உயர்ந்ததா? மூடிய ஆலை ஒன்றாவது திறந்ததா?

ஆகவே தோழர்களே, காந்திபுரத்து மேடையில் எவராவது சின்னமலையின் பெயரைச் சொல்லி, அண்டை வீட்டானைப் பகைவன் என்று கைகாட்டினால், எழுந்து நின்று கேளுங்கள்: "சின்னமலை யார் பக்கம் நின்றான்?" பதில் சொல்லிவிட்டு மாலை போடட்டும்!